விட்டுப் பிடிக்கும் கருவி: கடற்றூண்டில் றீலைத் தெரிந்து வாங்குதல்

அகநானூற்றின் 36ஆம் பாட்டிலே மதுரை நக்கீரனார் ஒரு வரால் மீனை நம் கண்முன் நிறுத்துகின்றார். இரும்பு முள்ளில் மாட்டிய இரையை அம்மீன் விழுங்கிவிடுகின்றது. விழுங்கியதும் அஃது அடங்கிக் கிடக்கவில்லை. ஆம்பலின் இலை கிழிகின்றது. குவளை மலர்கள் சிதறுகின்றன. வள்ளைக் கொடி அலைந்து சிக்குகின்றது. தூண்டிற்காரன் இழுக்கின்றான், மீனோ கயிற்றுக்கு அடங்காத முரட்டுக் காளைபோல விடியற்காலைக் குளத்தைக் கலக்குகின்றது. மருதத்திணைப் பாட்டு ஒன்றிலே உவமைப் பொருளாக வந்த இக்காட்சி, தூண்டிற்றொழிலின் நடுச்சிக்கலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துக் காட்டிவிட்டது எனலாம். மீனை முள்ளிற் கொளுவுதல் எளிது. கொளுவிய மீனைக் கரைசேர்த்தலே அரிது.

இவ்வருமைக்குக் காரணம் யாது? மீனின் வலிமை நூலின் வலிமையினும் மிகுதியாக இருத்தலேயாம். தடித்த கயிற்றைக் கட்டினால் மீன் அதைக் கண்டு அஞ்சி இரையைத் தொடாது. மெல்லிய நூலைக் கட்டினாலோ முதற் பாய்ச்சலிலே அறுந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அதனைத் தமிழர் தம் அன்றாடப் பேச்சிலே 'விட்டுப் பிடித்தல்' என்பர். மீன் ஓடும்போது நூலை விடவேண்டும். ஆயினும் இலவசமாக விடலாகாது. ஒவ்வொரு முழத்துக்கும் மீன் தன் வலிமையைச் செலவிட வேண்டும். அது களைத்து நிற்கும்போது விட்டதை மீட்டுச் சுருட்டவேண்டும். இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்யும் கருவியே றீல் ஆகும்.

றீலின் வரலாறு நீண்டது. தென்சுங் அரசகாலச் சீன ஓவியர் மா யுவான், கி.பி. 1195ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த ஓவியம் ஒன்றிலே, பனிக்கால ஏரியில் தனியே படகில் அமர்ந்திருக்கும் ஒருவனின் தூண்டிற்கோலில் சிறு சக்கரம் ஒன்று பொருந்தியிருப்பதைக் காணலாம். இன்று கிடைக்கும் சான்றுகளுள் மிகப் பழையனவற்றில் அஃது ஒன்று. மேலைநாட்டிலே 1874ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் ஓர்விஸ் என்பார், பக்கங்களில் துளையிட்ட ஒடுங்கிய உருளையுடைய றீலுக்குக் காப்புரிமை பெற்றார். நூல் விரைந்து உலர்வதற்கும் கருவியின் பாரம் குறைவதற்கும் அத்துளைகள் உதவின. இன்றும் இறகிரைத் தூண்டிலுக்கான றீல்கள் பெரும்பாலும் அவ்வடிவையே பின்பற்றுகின்றன.

இறகிரைத் தூண்டில் என்பது யாதென விளக்குதல் பொருத்தமாகும். ஆங்கிலேயர் 'பிளை' என்று வழங்குவது, இறகு, மயிர், நூல் ஆகியவற்றை முள்ளின்மேற் கட்டிச் செய்த பொய்யிரையாகும். ஆற்றிலே அது பூச்சியைப் போலவும், கடலிலே சிறு மீனையோ இறாலையோ போலவும் அமையும். மற்றைத் தூண்டில்களில் ஈயக் குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இறகிரைக்கோ பாரமே இல்லை. ஆதலின் நூலே பாரமுடையதாகச் செய்யப்பட்டு, அந்நூலைக் கோலால் முன்னும் பின்னும் வீசி எறிகின்றனர். இதனை எறிநூல் என்போம். அதன் நுனியிலே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நுனிநூலும், அதன் பின்னே ஓடும் மீனுக்கு இடங்கொடுப்பதற்காக நூற்றுக்கணக்கான யார் நீளமுள்ள பின்னூலும் இணைக்கப்படும். றீல் இவை யாவற்றையும் தாங்கும் களஞ்சியமாகும்.

இலங்கையில் இக்கலை மலைநாட்டிலே வேரூன்றியது. 1880களில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதி ஓடைகளுக்கு ட்றவுட் மீனைக் கொண்டுவந்து பெருக்க முயன்றனர். குளிர்ந்த ஓடையில் வாழும் அம்மீனுக்குப் பெரிய றீல் தேவைப்படவில்லை. அது நூலைச் சுற்றிவைக்கும் பெட்டியாக இருந்தாலே போதும். உருளையின் விளிம்பை விரலால் அழுத்தினால் தடை உண்டாகிவிடும். ஆயின் மலையிலிருந்து இறங்கிக் கடலருகே வருவோர்க்கு அந்த றீல் உதவாது. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும், நீர்கொழும்புக் களப்பிலும், பொல்கொடை நீர்நிலையிலும், வெள்ளவத்தைக் கற்பாறைகளை அடுத்த நீரிலும் உலாவுவன பாரை, கட்டா, சீலா, கொடுவா முதலிய இரைகௌவும் மீன்கள். இவை முள் தைத்தவுடன் திறந்த கடலை நோக்கி ஓடும், பாறை இடுக்கிற் புகும், சட்டெனத் திரும்பும். இங்கே றீல் களஞ்சியம் மட்டுமன்று, போர்க்கருவியுமாம்.

கொலன்னாவையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்ந்து, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஓர் எழுதுவினைஞர் ஞாயிறு விடியலில் முகத்துவாரத்துக்குச் சென்று இவ்வாறு மீன்பிடிக்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவர் முன் நிற்கும் வினா விலையாகும். உயர்ந்த கடல் றீல்கள் 700, 800 டொலருக்கு மேலும் விற்கப்படுகின்றன. 100 முதல் 200 டொலர் வரையில் பல வகைகள் உள்ளன. அதற்குக் கீழே 30, 40 டொலருக்குப் பளபளக்கும் றீல்களும் உண்டு. 2022 மார்ச்சுக்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. முன்பு 20,000 ரூபாவாக இருந்த றீல் 36,000 ரூபாவாயிற்று. பின்னர் நாணயம் ஓரளவு தேறினும் பழைய நிலைக்கு மீளவில்லை. எனவே எதற்குப் பணங் கொடுப்பது, எதற்குக் கொடாது விடுவது என்பதைத் தெளிதல் இன்றியமையாததாயிற்று.

இவ்வாராய்ச்சியின் முடிபை முன்னரே கூறிவிடலாம். கடல் றீலுக்கு இன்றியமையாதன இரண்டே: ஒன்று, நூலைச் சீராக விடும் தடைப்பொறி, மற்றையது, உப்பைத் தாங்கும் உடல். இவ்விரண்டுக்கும் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஏனையவற்றுட் பல அழகுக்கும் பெருமைக்கும் உரியன. இவ்விரண்டையும் முறையே நோக்குவோம்.

முதலாவது தடைப்பொறி. மீன்பிடிப்போர் இதனை 'டிராக்' என்பர். உருளை சுழலும்போது அதனோடு உராயும் தட்டுகளே இப்பொறியின் உயிர். ஒரு குமிழைத் திருகினால் தட்டுகள் நெருங்கி உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். 16 இறாத்தல் பாரத்தைத் தாங்கும் நுனிநூலைக் கட்டியவர், தடையை ஏறத்தாழ நான்கிலொரு பங்காகிய 4 இறாத்தலுக்கு அமைத்தல் வழக்கம். மிகுதி எதற்கு எனின், முடிச்சு நூலின் வலிமையைக் குறைக்கும். நீரில் இழுபடும் நூலும் தானே ஒரு தடையாகும். மீன் திரும்பும்போது திடீர் அதிர்வும் உண்டாகும். இவற்றுக்கெல்லாம் இடம் விட்டுவைத்தல் வேண்டும்.

இவ்விடத்திலே பாடசாலைப் பௌதிகம் கைகொடுக்கின்றது. ஓய்வில் இருக்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்துகொண்டிருக்கும் பொருளைத் தொடர்ந்து அசைக்க வேண்டிய விசையினும் பெரிது. நிலையியல் உராய்வு, இயக்க உராய்வு என மாணவர் கற்பது இதுவேயாம். செம்மையற்ற தடைப்பொறியிலே இவ்வேறுபாடு மிகுதி. ஓடும்போது 4 இறாத்தல் தடை காட்டும் றீல், தொடங்கும் கணத்தில் 8 இறாத்தல் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மீன் ஓடி நின்று மீண்டும் பாயும் ஒவ்வொரு முறையும் நுனிநூல் அவ்வடியைத் தாங்கவேண்டும். பெரிய மீன்கள் ஓட்டத்தின் நடுவிலே தப்புவதிலும், ஓட்டத்தின் தொடக்கத்திலே நூலை அறுத்துத் தப்புவது மிகுதியாதல் இதனாலேயே. ஆகவே ஒரு றீல் எத்துணைப் பெரிய தடையைத் தரும் என்று கேட்பதிலும், எத்துணை மென்மையாகத் தொடங்கும் என்று கேட்பதே அறிவுடைமை. விளம்பரங்களிலே 20 இறாத்தல், 30 இறாத்தல் என்று பறைசாற்றப்படும் எண்கள், 16 இறாத்தல் நூலைக் கட்டுபவர்க்கு யாது பயன் தரும்?

உராய்வு உள்ள இடத்தில் வெப்பமும் உண்டு. 4 இறாத்தல் தடையென்பது ஏறத்தாழ 18 நியூற்றன் விசையாகும். அத்தடையை எதிர்த்து ஒரு மீன் 100 மீற்றர் ஓடினால் 1,800 யூல் சத்தி தடைப்பொறியில் வெப்பமாக மாறும். 50 கிராம் அலுமினியம் அவ்வெப்பம் முழுவதையும் ஏற்பதாயின், அதன் வெப்பநிலை ஏறக்குறைய 40 பாகை செல்சியசு உயரும். தடை பெரிதாயின் வெப்பமும் பெரிதாகும். மலிவான பிளாத்திக்குத் தட்டு இவ்வெப்பத்தில் இளகி வழுக்கும், அல்லது பற்றிக்கொள்ளும். இரண்டாலும் கேடே.

தட்டுகள் எப்பொருளாலானவை என்பதை ஆராய்வதன் காரணம் இதனால் விளங்கும். பழைய றீல்களிலே பற்சக்கரத்தின்மேல் ஒரு சிறு நாக்குத் தட்டி ஒலியெழுப்பும் அமைப்பே தடையாக இருந்தது. அது ட்றவுட்டுக்குப் போதும், பாரைக்குப் போதாது. பின்னர்த் தக்கைத் தட்டு வந்தது. தக்கை நெகிழ்வுடையது; தொடக்கம் மிக மென்மையானது; பல பெருமீன்கள் அதனாற் கரைசேர்ந்துள்ளன. ஆனால் அதற்கு உரிய கிறீசை இடையிடையே பூசிவரவேண்டும். பேணாது விட்டால் காய்ந்து வெடிக்கும். இக்காலத்தில் காபன் நாராலான தட்டுகளைத் துருப்பிடியா உருக்குத் தட்டுகளோடு அடுக்கி, இறப்பர் வளையங்களால் நீர் புகாதவாறு மூடிவிடுகின்றனர். காபன் நார் வெப்பத்தைத் தாங்கும். மூடிய அமைப்பு உப்பையும் மணலையும் உள்ளே விடாது. முன்பு பெருவிலை றீல்களில் மட்டும் இருந்த இவ்வமைப்பு, இப்பொழுது 100 டொலரை அடுத்த விலையிலும் கிடைக்கின்றது. சிக்கனமாக வாங்குவோர்க்கு இது நற்செய்தியாம். பராமரிப்புக்கு நேரமில்லாதவர் மூடிய தடைப்பொறியையே தெரிதல் நன்று.

தடையோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொன்று, உருளையின் நடுத்தண்டு எவ்வளவு தடித்தது என்பதாகும். தடைப்பொறி தருவது ஒரு திருப்பம். அது நூலில் எவ்வளவு இழுவையாகத் தோன்றும் என்பது, நூல் விடுபடும் இடத்தின் ஆரையைப் பொறுத்தது. ஆரை குறையக் குறைய இழுவை கூடும். நூல் நிறைந்திருக்கையில் 10 சென்ரிமீற்றர் விட்டமுடைய உருளை, மீன் ஓடிய பின்னர் 5 சென்ரிமீற்றராகச் சுருங்குமாயின், எவரும் குமிழைத் தொடாமலே 4 இறாத்தல் தடை 8 இறாத்தலாகிவிடும். நடுத்தண்டு தடித்ததாய், 10 சென்ரிமீற்றர் 8 ஆக மட்டும் குறையுமாயின் தடை 5 இறாத்தலோடு நிற்கும். மேலும், 10 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு சுற்றுக்கு 31 சென்ரிமீற்றர் நூல் மீளும். 5 சென்ரிமீற்றரில் அதன் பாதியே மீளும். மீன் திரும்பி மீனவரை நோக்கியே ஓடிவரும்போது நூல் தளர்ந்தால் முள் கழன்றுவிடும். ஆகவே விரைந்து மீட்டல் விடுதலினும் குறைந்த தேவையன்று. தடித்த நடுத்தண்டு இரண்டுக்கும் உதவும். அதற்காக விலை கூடுவதும் இல்லை.

இனி இரண்டாவதாகிய உப்பு. கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் முக்காற் பங்குக்கு மேற்பட்டது சோடியங் குளோரைட்டு. வெள்ளவத்தையிலே கடலை நோக்கிய வீடுகளின் யன்னற் கம்பிகளையும், கொலன்னாவையில் உள்ள வீடுகளின் யன்னற் கம்பிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு உப்புக்காற்றின் வலிமையை வேறெவரும் சொல்லவேண்டியதில்லை. சில மைல் தொலைவிலே இரும்பின் ஆயுள் எவ்வளவு மாறிவிடுகின்றது!

அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று தோன்றி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கின்றது. ஆனால் குளோரைட்டு அயன்கள் இப்படலத்தை அங்கங்கே துளைத்துவிடுகின்றன. துளைத்த இடத்தில் சிறு குழிகள் விழுந்து வெண்ணிறப் பொடி படியும். இதைத் தடுக்கவே, மின்பகுப்பு முறையால் அப்படலத்தைச் செயற்கையாகத் தடிப்பாக்குகின்றனர். கடினமாகச் செய்த படலம் மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் தடிப்புடையதாகும். வெறும் வண்ணம் பூசிய றீலுக்கும் இவ்வாறு படலமிட்ட றீலுக்கும் உள்ள வேற்றுமை, ஒரு மழைக்காலம் கழிந்தாற் புலப்படும். வண்ணம் உரிந்துவிடும், படலமோ உலோகத்தோடு ஒன்றியே இருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் அமைந்துவிடும். துருப்பிடியா உருக்கினாலான திருகாணி அலுமினிய உடலில் இறங்கியிருக்குமிடத்தில், உருக்கு நலமாயிருக்க, அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். ஆகவே றீலை ஆராய்வோர் அதன் நடுவைப் பார்ப்பதோடு நில்லாமல், திருகாணிகளின் ஓரங்களையும் கோலோடு பொருந்தும் பாதத்தின் அடியையும் பார்த்தல் வேண்டும். கேடு முதலில் தோன்றுவது அங்கேதான்.

இவ்விடயத்தில் கொழும்பின் காலநிலை ஒரு தனிக் கொடுமை செய்கின்றது. காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால், சோடியங் குளோரைட்டுக் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பிலே கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ அதனினும் மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே நீரை ஈர்த்துவிடும். சமையலறை உப்புச்சாடியில் உப்புக் கசிந்து நிற்பதை எல்லா வீட்டாரும் அறிவர். கொழும்பின் இரவுகளும் விடியல்களும் ஆண்டின் பெரும்பகுதி இவ்வெல்லையைத் தாண்டியே நிற்கின்றன. இதன் பொருள் யாது? கடலிலிருந்து வந்து கழுவாது வைத்த றீல் உலர்வதேயில்லை. மேசையறையிற் கிடக்கும்போதும் அது கடலிலேயே கிடக்கின்றது. வறண்ட நாட்டிலே பத்தாண்டு உழைக்கும் றீல் இங்கே இரண்டாண்டில் இறுகிவிடுவதன் மறைபொருள் இதுவே.

உடல் எவ்வாறு செய்யப்பட்டது என்பதும் விலையை மாற்றும். உருகிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தவை ஒருவகை. திண்ணிய அலுமினியக் கட்டையைக் கடைந்து செய்தவை மற்றொருவகை. கடைந்தவை பாரங் குறைந்தனவாயும் உறுதி மிக்கனவாயும் இருக்கும், விலையும் கூடும். வார்த்தவை சற்றுப் பாரமானவை; கல்லில் விழுந்தால் வெடித்தலும் கூடும். ஆயினும் நல்ல தடைப்பொறியோடு கூடிய வார்ப்பு றீல், கெட்ட தடைப்பொறியோடு கூடிய கடைந்த றீலினும் நூறு மடங்கு மேலானது. பணம் போதாதவிடத்து விட்டுக்கொடுக்க வேண்டியது உடலின் நேர்த்தியையேயன்றித் தடையின் செம்மையை அன்று.

விட்டுக்கொடுக்கத்தக்கவை இன்னுஞ் சிலவுள. ஓரிரு அவுன்சுப் பாரக்குறைவுக்காக இருமடங்கு விலை கொடுத்தல் வேண்டியதில்லை. கனத்த கடற்கோலுக்குச் சற்றுக் கனத்த றீல் சமநிலை தருதலும் உண்டு. வண்ணமும் பொறித்த சித்திரமும் மீனுக்குத் தெரியா. சுழலும் ஒலியின் இனிமை செவிக்கு விருந்தேயன்றி நூலுக்குக் காப்பன்று. பேரிங்குகளின் எண்ணிக்கையைப் பெருமையாகக் கூறும் றீல்களும் உள்ளன. உப்புநீரிலே துருப்பிடிக்கும் பத்துப் பேரிங்குகளிலும், துருப்பிடியாத இரண்டே சிறந்தன.

அளவு பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். எறிநூல்கள் அவற்றின் முதல் 30 அடியின் பாரத்தைக் கொண்டு எண்ணிடப்பட்டுள்ளன. அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் 1961இல் ஏற்படுத்திய இம்முறையிலே 8ஆம் எண் நூல் 210 கிறெயின், அதாவது ஏறத்தாழ 13.6 கிராம், 10ஆம் எண் 280 கிறெயின், 12ஆம் எண் 380 கிறெயின். களப்பிலும் கங்கை முகத்திலும் கொடுவாவையும் சிறு பாரையையும் நாடுவோர்க்கு 8 அல்லது 9 பொருந்தும். பாறைக்கரையிலிருந்து பெரும்பாரையை எதிர்கொள்வோர்க்கு 11, 12 வேண்டும். ஒரே றீலை வாங்க வல்லவர் 9ஆம் எண்ணுக்குரியதைத் தெரிந்தால் பெரும்பாலான தேவைகள் நிறைவேறும். எறிநூலோடு 200 யார் பின்னூலும் கொள்ளுமா என்பதைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு சிலவேளை மெல்லிய பின்னூலைக் கொண்டு கணித்ததாயிருக்கும். தடித்த நூலுக்கு இடம் குறையும்.

கையில் எடுத்தவுடன் செய்யத்தக்க சோதனைகள் சிலவுள. உருளையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தல். சட்டகத்துக்கும் உருளைக்கும் இடையே ஆட்டம் இருப்பின் நுனிநூல் அவ்விடுக்கிற் புகும். குமிழை முழுதும் தளர்த்திப் பின் சிறிது சிறிதாக இறுக்கிப் பார்த்தல். தடை படிப்படியாகக் கூடவேண்டுமேயன்றிச் சட்டென்று பாயலாகாது. நூலின் நுனியில் ஒரு வில்தராசைக் கட்டி மெதுவாக இழுத்தல். உருளை அசையத் தொடங்கும்போது காட்டும் எண்ணும், சுழலும்போது காட்டும் எண்ணும் நெருங்கியிருந்தால் அது நல்ல றீல். வீட்டுக் காய்கறித் தராசே இதற்குப் போதும். இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செலவோ ஒரு சதமும் இல்லை. இடக்கையால் சுற்றுபவர், கைப்பிடியை மறுபக்கம் மாற்றலாமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வகை றீல் புறக்கோட்டைக் கடைகளில் எப்பொழுதும் கிடைப்பதன்று. பலர் கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவித்துக் கொள்கின்றனர். அங்ஙனம் வருவிப்போர் றீலோடு மாற்று இறப்பர் வளையங்களையும் ஒரு மாற்றுத் தட்டையும் சேர்த்தே எழுதியனுப்புதல் நன்று. உதிரிப்பாகம் கிடையாத றீல் எவ்வளவு மலிவாயினும் மலிவன்று. பிறர் ஆண்டு பழகிய நல்ல றீலை வாங்குதலும் சிக்கனத்துக்கு ஏற்ற வழியேயாம். ஆனால் திருகாணி ஓரத்தில் வெண்பொடியும், குமிழில் இறுக்கமும், சுழற்சியில் கரகரப்பும் காணப்படின் அதனை விட்டு விலகுதல் வேண்டும்.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. கடலிலிருந்து மீண்ட அன்றே, தடையைச் சிறிது இறுக்கிய நிலையில், குழாய்நீரை மென்மையாக ஓடவிட்டுக் கழுவவேண்டும். பீறிட்டுப் பாயும் நீர் உப்பை உள்ளே தள்ளிவிடும், அது தகாது. பின்பு உருளையைக் கழற்றி நிழலில் உலர்த்தவேண்டும். பின்னூலின் அடிச்சுற்றுகளில் உப்புநீர் தங்கும்; ஆதலின் இடைக்கிடை நூல் முழுவதையும் உருவி நன்னீரில் ஊறவைத்தல் நலம். வைக்கும்போது தடையை முற்றாகத் தளர்த்திவிட வேண்டும். அழுந்திக் கிடக்கும் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். 800 டொலர் றீலைக் கழுவாது வைப்பவரிலும், 120 டொலர் றீலை நாள்தவறாது கழுவுபவர் நெடுங்காலம் பயன்பெறுவர். இந்நாட்டிலே றீலின் மிகச் சிறந்த பாகம் அதனை உடையவரின் நீர்ச்செம்பே எனின் அது மிகையன்று.

இவையெல்லாம் பொழுதுபோக்கு ஒன்றுக்காகத்தானே, இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று பொருள் பற்றியது. சிறுவருவாய்க்காரர் ஒருவர் ஆண்டு முழுதும் சேர்த்த பணம் பளபளப்பில் மயங்கிப் போய்விடலாகாது. சூதிலே பெறும் வெற்றி, தூண்டில் முள்ளை மீன் விழுங்கியது போன்றதென வள்ளுவர் சூது அதிகாரத்திலே எடுத்துக்காட்டினார். மலிவும் மினுக்கமும் கண்டு வாங்கியவரின் நிலையும் அதுவே. அவர் மீனைப் பிடிக்கப் போய்த் தாமே பிடிபடுகின்றார்.

மற்றைய காரணம் அறம் பற்றியது. தடைப்பொறி பற்றிக்கொண்டு நூல் அறும்போது மீன் தப்பிவிட்டதென மனிதன் எண்ணுகின்றான். அம்மீன் தப்பவில்லை. வாயில் முள்ளோடும், பின்னே இழுபடும் நூலோடும் அது செல்கின்றது. அந்நூல் பாறையிலோ பவளத்திலோ சிக்கினால் அஃது அங்கேயே கட்டுண்டு கிடந்து மடியும், எவர்க்கும் உணவாவதுமில்லை. தடை மிக மெலிந்து, போராட்டம் அளவின்றி நீண்டாலும், களைத்த மீனை விடுவித்த பின்னர் அது பிழைப்பது அரிது. மீனை விரைவில் அடக்கி, வேண்டியதைக் கொண்டு, வேண்டாததை உயிரோடு விடுவதற்கும் நல்ல றீலே துணையாகும். கருவியைத் தெரிந்தெடுப்பது தன் பணத்துக்குச் செய்யும் காவல் மட்டுமன்று; பிடிபடும் உயிருக்குச் செய்யும் கடமையுமாம்.

நக்கீரனார் கண்ட தூண்டிற்காரனிடம் கோலும் நூலும் மட்டுமே இருந்தன. அவன் இழுத்தான், மீனும் இழுத்தது, கலங்கியது குளம். அவனுக்குக் கிடையாதிருந்த ஒன்று இன்று கையடக்கமான சக்கரமாய்க் கிடைக்கின்றது. அது கற்பிக்கும் பாடமோ பழையது: வலியாரை எதிர்த்து நிற்போர் இறுகப் பற்றினால் அறுந்துபோவர், முற்றும் தளர்ந்தால் இழந்துபோவர், அளவறிந்து விட்டு, அளவறிந்து மீட்பவரே கரைசேர்ப்பர். அவ்வளவைப் பிழையாது காக்கும் கருவி எதுவோ, அதுவே விலை குறைந்ததாயினும் உயர்ந்த றீல்.